புதுப்பிப்பு: மகளின் கல்லூரிக் கட்டணமும் சேமிப்புப் பத்திர வட்டியும்

அமெரிக்க அரசின் ஐ வரிசைச் சேமிப்புப் பத்திரங்களை மகளின் கல்லூரிச் செலவுக்காகப் பணமாக்கினால் வட்டிக்கு வருமான வரி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். 2024ஆம் ஆண்டுக்கான வரிக்கணக்கை, கல்விக்காகப் பணமாக்கிய பத்திர வட்டிக்கு வரி விலக்குக் கோரும் 8815ஆம் படிவத்துடன் இப்போது தாக்கல் செய்துவிட்டோம்.

பத்திரங்கள் என் பெயரிலும் மனைவியின் பெயரிலும் இருந்ததாலும், வாங்கும்போதே எங்களுக்கு 24 வயது நிறைந்திருந்ததாலும் விலக்குக்குத் தகுதி கிடைத்தது. பிள்ளையின் பெயரில் வாங்கினாலும் போதும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது சரியல்ல, பிள்ளை பயனாளியாக மட்டுமே இருக்கலாம், இணை உரிமையாளராகக்கூட இருக்கக் கூடாது.

கல்விக் கட்டணம் மட்டுமே கணக்கில் வரும். விடுதி, உணவு, புத்தகச் செலவுகள் சேராது. கிடைத்த தொகை 12,000 டாலர், அதில் வட்டி 4,000, தகுதியான செலவு 9,000 என்றால், வட்டியில் முக்கால் பங்கான 3,000 டாலருக்கு மட்டுமே விலக்கு. எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி என்னவென்றால், செலவு போக மீதமுள்ள தொகையை அதே ஆண்டில் மகளுக்கான 529 கல்விச் சேமிப்புக் கணக்கில் செலுத்தினால் அதுவும் தகுதியான செலவாகவே கருதப்படும் என்பதுதான். அந்தக் கணக்கிலிருந்து பின்னர் விடுதிக் கட்டணமும் செலுத்த முடியும். உதவித்தொகையையும், கல்வி வரிச்சலுகைக்குக் காட்டிய செலவையும் தகுதியான செலவிலிருந்து முதலில் கழித்துவிட வேண்டும்.

பணமாக்குமுன் வருமான வரம்பைக் கட்டாயம் பாருங்கள். கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 2024இல் 1,45,200 டாலரில் குறையத் தொடங்கும் விலக்கு, 1,75,200 டாலரில் முற்றிலும் நின்றுவிடும். பத்திர வட்டியும் அந்த வருமானத்தில் சேரும். தனித்தனியாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு விலக்கே இல்லை. பத்திர வட்டிக்கு மாநில வருமான வரி எப்படியும் கிடையாது.