ரத்த அழுத்தமும் இறப்பு அபாயமும்: கணக்கீட்டில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தை அடுத்த சில கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களின் ரத்த அழுத்தத்தை ஒரே ஒரு முறை அளந்து, பின்னர் இறந்தவர்களையும் பதிந்து வைத்திருக்கிறேன். 2002-இல் வெளியான, 61 ஆய்வுகளின் தொகுப்பு, 40 முதல் 69 வயது வரை மேல் அழுத்தம் (சிஸ்டாலிக், இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்) 20 மி.மீ. கூடினால் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றது. என் கணக்கிலோ ஏற்றம் மிகக் குறைவாகவே வருகிறது. ஒருவரின் அழுத்தம் வேளைக்கு வேளை மாறுவதால், ஒற்றை அளவீட்டில் தொடர்பு மங்கித்தான் தெரியும். போதாக்குறைக்கு, நோட்டைப் புரட்டினால் 120, 130, 140 என்று பெரும்பாலும் பூஜ்யத்திலேயே முடிகிறது (பாதரசக் கருவியில் அளக்கும்போது அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கிவிடும் என் பழக்கதோஷம்). எழுபதைத் தாண்டியவர்களில் அழுத்தம் குறைந்தவர்களே அதிகம் இறந்திருப்பது, முன்பே இருந்த நோயின் விளைவென்று ஊகிக்கிறேன். சிலரை மட்டும் மறுபடி அளந்து அந்த மங்கலைத் திருத்தலாமா, முன்பே நோயுற்றிருந்தவர்களின் தாக்கத்தைக் குறைக்க முதல் இரண்டு ஆண்டு இறப்புகளை நீக்குவது முறையா என்பதை, காக்ஸ் மாதிரியில் (இறப்பு வரையான காலத்தைக் கொண்டு அபாயத்தை ஒப்பிடும் புள்ளியியல் முறை) பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.