மூணாறு – டாப் ஸ்டேஷன் ரயில்: பழைய படங்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஓடிய ரயிலின் பழைய படங்களைத் தேடுகிறேன். 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுத்த வண்டியாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையாகி நீராவி எஞ்சின் ஓடியது. 1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துச் சென்றது. பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை.

இணையத்தில் கிடைக்கும் சில படங்களில் எஞ்சினும் துரைமார்களும்தான் தெரிகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போயின. அந்தப் பெட்டிகளை ஏற்றி இறக்கிய நம் தமிழ்த் தொழிலாளர்களின் முகம் ஒரு படத்திலாவது இருக்குமா? போடி, குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்துக் குடும்பங்களின் பெட்டிகளில் நிச்சயம் ஏதாவது கிடக்கும் என்று நம்புகிறேன்.

என்னிடம் உள்ள ஒரு படத்தில் தகரக் கூரைக் கொட்டகையும் வளைந்து செல்லும் பாதையும் தெரிகின்றன. அது பாலாறா, குண்டளையா? பின்னணி மலை முகட்டை வைத்து, அந்த எஸ்டேட்டுகளில் வளர்ந்தவர்கள் சொல்லிவிடலாம். கருத்துப் பகுதியில் படத்தை இணைத்திருக்கிறேன்.

படம் வைத்திருப்பவர்கள் ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம். அப்படியே நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். தனிப் படமாக இருந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். பெரும்பாலும் ஊரும் ஆண்டும் அங்கேதான் எழுதியிருக்கும். தாத்தா, பாட்டி சொன்ன கதை மட்டும் இருந்தாலும் எழுதுங்கள்.