மருத்துவமனையில் ரிசப்ஷனிஸ்ட் வேலை: பொறுப்பு என்ன?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

வணக்கம். பி.காம். முடித்த என் தங்கைக்கு ராயபுரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ரிசப்ஷனிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. 'முகப்பில் சிரித்துக்கொண்டு உட்காருவதற்கா பட்டம் படித்தாய்?' என்று உறவினர்கள் கேட்பதால் அவள் தயங்குகிறாள். அந்த இருக்கையில் இருப்பவரின் உண்மையான பொறுப்பு என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பழைய வண்ணாரப்பேட்டை அக்கா

அந்த இருக்கையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். டோக்கன் போடுவதும் தொலைபேசியை எடுப்பதும் எவரும் விரைவில் கற்றுக்கொள்ளக்கூடியவை. வரிசையில் நிற்பவர்களில் யார் காத்திருக்கக் கூடாதவர் என்று கண்டுகொள்வதுதான் கடினம். காசிமேட்டிலிருந்து வரும் பெரியவர் ஒருவர், வாயுத்தொல்லைதான் என்று சொல்லிக்கொண்டே வியர்த்து வழிய நெஞ்சைப் பிடித்தபடி டோக்கன் கேட்டால், அது மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால், அவரை நாற்காலியில் காக்க வைக்காமல் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். நோயைக் கணிப்பது நம் வேலை அன்று. கணிக்கக்கூடியவரிடம் தாமதமின்றிச் சேர்ப்பது நம் வேலை. விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்தால், காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல் முதலில் உயிர்காக்கும் சிகிச்சை தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது. 'முதலில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்' என்ற சொல் ரிசப்ஷனிஸ்டின் வாயிலிருந்து வரவே கூடாது.

பதில்: கொருக்குப்பேட்டைக்காரன்

அக்கா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். நம் பகுதியில் காத்திருப்போரில் பலர் ஒரே தெருக்காரர்களாக இருப்பார்கள். அங்கே ஒரு பெண்ணிடம் 'என்ன பிரச்சினைக்காக வந்தீர்கள்?' என்று கூடமே கேட்கும்படி விசாரித்தால், அடுத்த முறை அவர் மருத்துவமனைக்கு வரவே தயங்குவார். தாழ்ந்த குரலில் கேட்பதும், கேட்டதை வெளியே சொல்லாதிருப்பதும் உங்கள் தங்கைக்குக் கட்டாயம் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தங்கள் மருத்துவமனையில் செல்லுமா, எந்தெந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவதும் அவர் கடமை. அட்டையை நம்பி வந்த குடும்பம் பின்னர் வட்டிக்குக் கடன் வாங்க நேரிடுவது பெருங்கொடுமை.

பதில்: மணலி கணக்கர்

சிறிய மருத்துவமனைகளில் பில் போடும் வேலையும் ரிசப்ஷனிஸ்டிடமே வந்து சேர்வதுண்டு. வேலை நேரம் என்ன, இரவுப்பணி உண்டா, கல்லாவில் பணம் குறைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், சகோதரி.