புதுப்பிப்பு: கனடாவிலிருந்து அபிக்சபான் வாங்கியது

அமெரிக்காவில் எலிக்விஸ் (அபிக்சபான் மருந்தின் பிராண்ட் பெயர்) விலை கட்டுப்படியாகவில்லை, கனடா ஆன்லைன் மருந்தகத்தில் வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி, மருந்து வந்துவிட்டது.

கைகொடுத்தது, கனடிய சர்வதேச மருந்தகச் சங்கத்தின் உறுப்பு மருந்தகங்கள் பட்டியலில் பார்க்கச் சொன்ன யோசனைதான். அதில் பார்த்துப் பிடித்த மருந்தகத்தில், டாக்டர் சீட்டை அனுப்பிய பிறகே ஆர்டரை எடுத்தார்கள். சீட்டே வேண்டாம் என்ற தளங்கள் பக்கம் நான் போகவில்லை. கனடாவில் ஜெனரிக் அபிக்சபான் (பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து) கிடைக்கிறது. இங்கே அமெரிக்காவில் காப்புரிமை வழக்குகளால் 2028 ஏப்ரலுக்கு முன் வராது. விலை வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

எதிர்பாராதது: மாத்திரை குப்பியில் இல்லை, அட்டையில் வந்தது. சுங்கத்திலும் பார்சல் கொஞ்சம் முடங்கியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நடுவில் விடக் கூடாது. கையிருப்பு தீருமுன்பே ஆர்டர் போடுங்கள். அப்புறம், இப்படி வெளிநாட்டிலிருந்து மருந்து வரவழைப்பதை எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) சட்டப்படி அனுமதிப்பதில்லை. சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவுக்குள் என்றால் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.