செம்பு தட்டியவர் அரசரானார் என்பது உண்மையா? (யாகூப் சஃப்பார்)

கேள்வி

பாரசீக வரலாறு படித்துக்கொண்டே போனதில் யாகூப் இப்னு லைத் என்பவரிடம் வந்து நின்றுவிட்டேன். ஒன்பதாம் நூற்றாண்டு, இன்றைய ஈரான்-ஆப்கன் எல்லையில் இருக்கும் சீஸ்தான் பகுதி. ‘சஃப்பார்’ என்றால் செம்புப் பாத்திரம் அடிக்கிறவராம். அந்தத் தொழிற்பெயரிலேயே சஃப்பாரியர் என்று ஒரு அரச வம்சம். அரசராகிவிட்ட பிறகும் பட்டறைப் பெயரை யாராவது வைத்துக்கொள்வார்களா?

அப்புறம் அந்த உப்புக் கதை. கஜானாவுக்குள் கன்னம் வைத்து நுழைந்தாராம். இருட்டில் மின்னிய ஒன்றை ரத்தினம் என்று நினைத்து நாக்கால் தொட்டுப் பார்த்தால் உப்பாம். உப்பைத் தின்றுவிட்டோம், இனி இங்கே திருடக்கூடாது என்று மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாராம். விஷயம் தெரிந்து ஆட்சியாளரே கூப்பிட்டு வேலை கொடுத்தாராம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பதற்கு உதாரணமாக யாரோ கட்டிவிட்டது மாதிரி இருக்கிறது. இதில் எது நிஜம், எது புளுகு?

பதில் 1

உப்புக் கதையை விட்டுத்தள்ளுங்கள், அது பிற்காலக் கதைத் தொகுப்புச் சரக்கு. பாரசீகத்திலும் உண்ட வீட்டுக்குத் துரோகம் செய்தவனை உப்பை வைத்துத்தான் திட்டுவார்கள், அதனால் கதை ஒட்டிக்கொண்டது.

பட்டறையிலிருந்து நேரே அரியணைக்குத் தாவியதும் கிடையாது. நடுவில் ‘அய்யார்’ என்ற படி இருக்கிறது. அந்த ஊர்களில் இளவட்டங்கள் கட்டிய ஆயுதக் குழுக்களுக்கு அந்தப் பெயர். பாதி ஊர்க்காவல், பாதி வழிப்பறி. கலீஃபாவை ஏற்காத காரிஜிகள் சீஸ்தானை ஆட்டிப்படைத்த காலம் அது. அவர்களோடு மோத இப்படிப்பட்ட குழுக்கள் தேவைப்பட்டன. யாகூப் முதலில் புஸ்த் நகரத்து ஸாலிஹ் இப்னு நள்ரிடம் இருந்தார், பிறகு திர்ஹம் இப்னு நஸ்ரிடம். 861-ல் அவரையும் ஒதுக்கிவிட்டு ஸரஞ்ச் நகரில் தானே அமீர். 865-ல் காரிஜித் தலைவர் அம்மாரைக் கொன்றார். அதே காலத்தில் கிழக்கே ஆப்கன் பக்கம் ஆண்ட, ஸுன்பீல் என்ற பட்டம் கொண்ட மன்னரையும் முடித்தார். ஆக இவர் கைத்தொழிலாளி என்பதைவிடப் படைத்தலைவர் என்பதே சரி.

பதில் 2

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் தாத்தா கன்னார். செம்புத் தகட்டைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் காது மந்தமானவர். அதனால் இந்த யாகூப் மேல் எனக்கு ஒருதலைப் பாசம் உண்டு, நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

மேலே சொன்ன நண்பர் கணக்கில் தப்பில்லை. ஆனால் பட்டறையை இவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போகக் கூடாது. பதினோராம் நூற்றாண்டில் எழுதிய கர்தீஸி, யாகூப் ஊரிலிருந்து நகரத்துக்கு வந்து செம்புவேலை கற்று மாதம் 15 திர்ஹம் கூலிக்கு இருந்தார் என்கிறார். அரசர் புகழ் பாட உட்கார்ந்தவன் கூலிக் கணக்கைப் போய் இட்டுக்கட்ட மாட்டான். தலைவனானதற்குக் காரணமும் சொல்கிறார்: கையில் கிடைத்ததைக் கூட இருந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவாராம்.

எனக்குப் பிடித்தது அவருடைய பட்டப்பெயர். காஸ்பியன் கடலோரத் தபரிஸ்தானை ஆண்ட ஹசன் இப்னு ஸைத் இவருடைய எதிரி. அவர் யாகூபுக்கு வைத்த பெயர் ‘பட்டடை’, அதாவது உலோகத்தை மேலே வைத்து அடிக்கும் இரும்புக்கட்டை. செம்புக்கொட்டி என்று கேலி செய்ய வைத்ததல்ல, அசையாத ஆள் என்பதற்காக வைத்தது. சுத்தியல் பிடி தேயும், மாற்றுவோம். பட்டடை ஆட ஆரம்பித்தால் அன்றைக்கு வேலையே கிடையாது என்பார் தாத்தா. இந்தப் பட்டடையும் ஒருமுறை ஆடியது. அதே ஹசனைத் துரத்திக்கொண்டு மலைக்குள் போனபோது நாற்பது நாள் மழை பிடித்துக்கொண்டது, ஆட்களையும் கால்நடைகளையும் ஏராளமாகப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார்.

முகத்திலும் ஒரு பழைய வெட்டு இருந்தது. காரிஜிகளோடு நடந்த சண்டையில் வாங்கியது. கன்னத்தைத் தைத்துப் போட்டு, இருபது நாள் வாயில் குழாய் வைத்து ஆகாரம் கொடுத்தார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் தொகுத்த இப்னு கல்லிகான் எழுதுகிறார்.

873-ல் குராசானின் தலைநகர் நிஷாப்பூர். குராசானை ஆண்டுவந்த தாஹிரியர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். கலீஃபாவின் நியமனப் பத்திரம் எங்கே என்று ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தபோது, வாளைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லி, பாக்தாதில் கலீஃபாவை உட்காரவைத்தது எதுவோ அதுதான் என்னுடைய பத்திரமும் என்றாராம்.

அந்தத் தைரியத்தில் பாக்தாதுக்கே படையெடுத்தார். 876 ஏப்ரலில், பாக்தாதுக்கும் வாசித்துக்கும் நடுவே தைருல் ஆகூலில், கலீஃபாவின் தம்பி முவஃப்பக் எதிரே நின்றார். வாய்க்காலை வெட்டிவிட்டு நிலத்தில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டார்கள். சேற்றில் படை சிதறியது. நிஷாப்பூரில் பிடித்துக் கூடவே இழுத்துக்கொண்டு திரிந்த தாஹிரிய ஆளுநர் அந்தக் குழப்பத்தில் விடுதலையாகிவிட்டார்.

879-ல் ஜுந்திஷாப்பூரில் வயிற்று வலியில் செத்தார். மருத்துவர்கள் எனிமா கொடுக்கிறோம் என்றும் மாட்டேன் என்றாராம். கலீஃபாவின் தூதர் வந்தபோது வாளையும் முரட்டு ரொட்டியையும் வெங்காயத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு பேசியதாகச் சொல்வார்கள். செத்தால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி, பிழைத்தால் நடுவில் இந்த வாள், தோற்றால் பழையபடி இந்த ரொட்டியும் வெங்காயமும் என்ற அர்த்தத்தில். பதினோராம் நூற்றாண்டு செல்ஜுக் அமைச்சர் நிஜாமுல் முல்க் சொல்லும் வடிவத்தில், நான் செம்புக்கொட்டி மகன், இந்த அரசு என் அப்பன் சொத்துமல்ல, நீங்கள் கொடுத்ததுமல்ல என்றும் வருகிறது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே பேசினார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பட்டறைப் பெயரை அவர் மறைக்க நினைத்திருந்தால் இப்படியொரு கதை ஓடியிருக்காது.

பதில் 3

மறைக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் சீஸ்தான் வரலாற்று நூலில் வரும் வம்சாவளியை என்ன செய்வது? அதில் யாகூப், இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய மன்னர் குஸ்ரோ பர்வேஸின் வழித்தோன்றல். அங்கிருந்து ஏணி போட்டுப் புராண மன்னர் ஜம்ஷீத் வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். அவர் பெயரில் ஓர் அரபுக் கவிதையும் இருக்கிறது, நான் ஜம்ஷீதின் வாரிசு, அப்பாசியர்களே (கலீஃபாவின் வம்சம்) அரேபியாவின் ஹிஜாஸுக்குத் திரும்பிப் போய் உடும்பு தின்னுங்கள் என்று.

பதில் 2 எழுதியவர்

அது அவருக்காக எழுதப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்த மொழியே அவருக்குப் புரியாது! வெற்றிக்குப் பிறகு அரபில் புகழ்பாடியபோது, எனக்குப் புரியாததை ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டதும், செயலர் முஹம்மத் இப்னு வஸீஃப் பாரசீகத்தில் பாட ஆரம்பித்ததும் நீங்கள் சொன்ன அதே சீஸ்தான் நூலில்தான் இருக்கிறது. வம்சாவளி தேவைப்பட்டது யாகூபுக்கா, அவரிடம் சம்பளம் வாங்கியவர்களுக்கா என்று எனக்குச் சந்தேகம்.

கேட்டவர்

நன்றி, வாளும் வெங்காயமும் போதும் எனக்கு, உப்பை விட்டுவிடுகிறேன். அவருக்குப் பின்னால் வம்சம் என்ன ஆனது?

பதில் 2 எழுதியவர்

தம்பி அம்ர் வந்தார். கழுதை ஓட்டிக்கொண்டிருந்தவர் என்று சொல்வார்கள், நிர்வாகத்தில் அண்ணனைவிடக் கெட்டிக்காரர். 900-ல் பல்க் அருகே, புகாராவை ஆண்ட சாமானிய வம்சத்து இஸ்மாயிலிடம் போரில் மாட்டிக்கொண்டார். அன்று மாலை அவருக்காகக் கறி வெந்துகொண்டிருந்த பாத்திரத்தில் ஒரு நாய் தலையை விட்டு, சூடு பட்டு உதறியதில் பிடி கழுத்தில் மாட்டி, பாத்திரத்தோடு ஓடிவிட்டது. அம்ர் சிரித்தாராம்: காலையில் என் சமையல் சாமானைச் சுமக்க 400 ஒட்டகம் போதவில்லை, ராத்திரி ஒரு நாய் தூக்கிக்கொண்டு போகிறது என்று.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் அம்ரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிடியை அறைந்தவன் நன்றாகத்தான் அறைந்திருக்கிறான் என்றார்.