புதுப்பிப்பு: டர்பன் கசினோவில் போக்கரா, இணையத்திலா?

டர்பன் கசினோக்களின் போக்கர் சீட்டாட்டப் போட்டிகளில் ஆடுவதா, இணையத்தில் ஆடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். இணையமே மலிவு என்று பலர் எழுதியிருந்தீர்கள். நான் கசினோவையே தேர்ந்தெடுத்துவிட்டேன்.

முதற்காரணம் சட்டம். தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டுத் தேசியச் சூதாட்டச் சட்டத்தின்படி இணையப் போக்கருக்கு அனுமதியில்லை. உரிமம் வழங்க வழிசெய்த 2008ஆம் ஆண்டுத் திருத்தமும் நடைமுறைக்கு வரவில்லை. தளத்தின் சர்வர் ஸ்வாசிலாந்தில் (இன்றைய எஸ்வாட்டினியில்) இருந்தாலும், ஆடுபவர் இங்கே இருந்தால் சூதாட்டம் இங்கேதான் நடக்கிறது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருப்பதால், வெளிநாட்டுத் தளம் என்ற வாதமும் எடுபடாது. வென்ற பணமே பறிபோகக்கூடும் என்பதை இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

ஆட்டம் வேகமாகப் பழகும் இடம் இணையம் என்று நீங்கள் சொன்னது உண்மை. சீட்டைக் கையால் கலைத்துப் போடும் மேசையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டங்களே நடக்கும். இணையத்தில் ஒரே மேசையில் அதைப்போல் இருமடங்கு நடக்கும். ஆனால் பிளைண்ட் தொகையோ, அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே ஆடுபவர்கள் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் பந்தயமோ, எத்தனை ஆட்டம் நடந்தாலும் கடிகாரத்தைப் பார்த்தே நிலை நிலையாக உயர்கிறது. ஆகவே ஒரு நிலைக்கு 15 நிமிடமே தரும் கசினோப் போட்டியில், ஒவ்வொரு நிலையிலும் சில ஆட்டங்களே கிடைப்பதால், நல்ல சீட்டுக்காகப் பொறுத்திருப்பவரின் சில்லுகள் (பந்தயம் கட்டும் வில்லைகள்) தாமாகவே கரைந்துவிடும். நுழைவுத்தொகையில் கசினோ எடுக்கும் பங்கையும், நிலையின் நீளத்தையும் கேட்டறிந்த பிறகே இப்போது பெயர் கொடுக்கிறேன்.