பழைய ஜாதகக் குறிப்புல இருக்கற மணியை இன்னைய மணிக்கு மாத்தறது எப்படி? (1903, 1911, 1944)

நொய்யல்கரை:

வணக்கமுங்க. ஒரு குடும்ப நோட்டுல இருக்கற பிறப்புக் குறிப்புகளைக் கணினியில ஏத்தோணும். மூணு குறிப்பு இடிக்குது.

ஒண்ணு: சோபகிருது வருஷம், அதாவது 1903. தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். "பகல் மணி 9-40"ன்னு மட்டும் இருக்கு.

ரெண்டு: விரோதிகிருது ஐப்பசி முதல் வாரம், 1911. பொள்ளாச்சி பக்கம். "உதயாதி 14-30".

மூணு: தாரண வருஷம் ஆனி. ஈரோடு ஆஸ்பத்திரி சீட்டுல 1944 ஜூலை 7, வெள்ளி, இரவு 12-20. ஜாதகத்துல வியாழக்கிழமைன்னு எழுதியிருக்கு. ரெண்டு மென்பொருள்ல போட்டுப் பார்த்தேன். ரெண்டும் மீன லக்னம்னுதான் (பிறந்த நேரத்துல கிழக்கே உதிக்கற ராசி) காட்டுது. ஆனா ஒண்ணுல 7 பாகை, இன்னொண்ணுல 25 பாகை. எதை நம்பறதுங்க?

காங்கேயக்காளை:

1906-க்கு முன்னாடி நம்ம நாட்டுல பொது மணியே கிடையாது. அந்தந்த ஊர் மணிதான். தாராபுரத்துக்கு 20 நிமிஷம் கூட்டிக்கோங்க, 9-40 இன்னைக்கு 10 மணி ஆகும். அவ்வளவுதான்.

கூடுதுறை:

காங்கேயக்காளை அண்ணா சொன்ன 20 நிமிஷக் கணக்கு சரி. ஆனா "பொது மணியே கிடையாது"ங்கறது சரியில்லைங்க. மெட்ராஸ் டைம்னு ஒண்ணு இருந்தது.

நுங்கம்பாக்கம் வானாய்வகத்தோட தீர்க்கரேகையை வெச்சுக் கணிச்ச மணி அது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 10 செகண்ட் முன்னால ஓடும். கல்கத்தா 5.53.20, பம்பாய் 4.51. கல்கத்தா கிட்டத்தட்ட 88½ பாகைல இருக்கு, பம்பாய் 73-க்குக் கொஞ்சம் கீழே. நடுவுல பார்த்தா 80½ சொச்சம் வருது, மெட்ராஸ் பக்கத்துலயே வந்து நிக்குது. அதனால 1870 வாக்குல ரயில்வே நாடு முழுக்க மெட்ராஸ் டைமையே எடுத்துக்கிச்சு. நம்ம பக்கம் போத்தனூர், ஈரோடு வழியா 1862-லயே ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. ஸ்டேஷன் கடிகாரம், தந்தி ஆபீஸ் கடிகாரம் எல்லாம் தந்தி வழியா வர்ற மெட்ராஸ் மணிக்குத்தான் திருப்பி வெப்பாங்க.

1906 ஜனவரி 1-ல இந்தியப் பொது நேரம் வந்தப்ப மெட்ராஸ் மணிக் கடிகாரத்தை 8 நிமிஷம் 50 செகண்ட் முன்னால தள்ளுனா போதும். ஊர் மணியில ஓடுன கடிகாரத்தைத்தான் 20 நிமிஷம் தள்ளோணும். அதனால முதல் குறிப்புக்கு ரெண்டு விடை:

9-40 மெட்ராஸ் மணின்னா, இன்னைய மணி 9.48.50.
9-40 தாராபுரம் ஊர் மணின்னா, இன்னைய மணி 10.00.

வித்தியாசம் 11 நிமிஷம். லக்னம் ஏறக்குறைய 3 பாகை நகரும். ராசி எல்லையில இல்லேன்னா லக்னம் மாறாது, நவாம்சம் (ராசியை ஒம்பதாப் பிரிச்ச பங்கு) மாறலாம்.

எந்த மணின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதே நோட்டுல அதே கையெழுத்துல, ஒரு சூரிய உதயத்தையோ கிரகணத்தையோ மணியோட குறிச்சிருக்காங்களான்னு தேடுங்க. இருந்தா அந்தத் தேதிக்கு உதயத்தை இன்னைய மணியில கணிச்சுக் கழிச்சுப் பாருங்க. 9 நிமிஷம் வந்தா மெட்ராஸ் கடிகாரம், 20 வந்தா ஊர்க் கடிகாரம். அப்படி எதுவும் இல்லேன்னா இடத்தைப் பாருங்க. ஈரோடு, திருப்பூர் மாதிரி ரயில் ஊர்ல பிறந்திருந்தா நான் யோசிக்காம மெட்ராஸ் மணின்னு எடுத்துக்குவேன். தாராபுரத்துக்கு இன்னைக்கு வரைக்கும் ரயில் வரலை (அது தனிப் புலம்பல்). அங்கே தாலுகா ஆபீஸ், தபால் ஆபீஸ் பார்த்துச் சொன்ன மணியா இருந்தாத்தான் மெட்ராஸ் மணி. கிராமத்துல நிழல் பார்த்து, இல்லே உச்சிப் பொழுதுக்குக் கடிகாரத்தைத் திருப்பி வெச்சு எழுதியிருந்தா ஊர் மணிக்கே வாய்ப்பு அதிகம். ரெண்டையும் போட்டு, ரெண்டு ஜாதகத்தையும் வெச்சுக்கறதுதான் நேர்மை.

சென்னிமலை நெசவு:

ரெண்டாவது குறிப்புக்குப் பதில். "14-30"ஐப் பார்த்ததும் மத்தியானம் ரெண்டரைன்னு போட்டிருப்பீங்க, பாதிப் பேர் அங்கேதான் வழுக்கி விழறாங்க. அது 14 நாழிகை 30 விநாடி, சூரிய உதயத்துல இருந்து எண்ணினது. ஒரு நாழிகை 24 நிமிஷம். ஒரு நாழிகைக்கு 60 விநாடி, அதனால பஞ்சாங்க விநாடி ஒண்ணுக்கு 24 செகண்ட். இன்னைக்கு நாம செகண்டுக்கும் விநாடின்னே எழுதறதால குழப்பம் இரட்டிப்பு.

14½ × 24 = 348 நிமிஷம், அதாவது 5 மணி 48 நிமிஷம். ஐப்பசி முதல் வாரம் பொள்ளாச்சியில உதயம் இன்னைய மணிக்கு 6.11. கூட்டினா பகல் 11.59. உதயாதிக் குறிப்புக்கு மெட்ராஸ் மணியும் வேண்டாம், 1906-ம் வேண்டாம். சூரியன் எந்தச் சர்க்கார் உத்தரவையும் பார்த்து உதிக்கறதில்லை.

ஆனா இதுலயும் ரெண்டு பள்ளம் இருக்கு.

முதல்ல, அந்த நாழிகை நேரா அளந்ததா, இல்லே கடிகார மணியை ஜோசியர் நாழிகையா மாத்தினதா? 1911-ல கடிகாரம் புழக்கத்துக்கு வந்தாச்சு. மாத்தியிருந்தா, கையில வெச்சிருந்த பஞ்சாங்கத்துல போட்ட உதயத்தைக் கழிச்சிருப்பாரு. பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணிச்சதோ அந்த ஊர் உதயம்தான் அதுல இருக்கும். சென்னை உதயத்தைப் பொள்ளாச்சிக்கு வெச்சா தீர்க்கரேகையால மட்டும் 13 நிமிஷம் பிசகும், 32 விநாடிக்கு மேல. 14-30ன்னு எழுதினது நிஜத்துல 13-58ஆ இருக்கலாம்.

அடுத்தது, உதயம்னா எது? சூரிய பிம்பத்தோட மேல் விளிம்பு தெரியற நேரத்தை வானிலைக்காரங்க எடுக்கறாங்க. காற்று மண்டலம் ஒளியை வளைக்கறதையும் அதுல சேர்த்துக்குவாங்க. பிம்பத்தோட நடு மையம் வளைவே இல்லாம அடிவானத்தைத் தொடற நேரத்தை எடுக்கற வழக்கமும் உண்டு. நம்ம அட்சரேகையில ரெண்டுக்கும் மூணரை நிமிஷம், 8-9 விநாடி வித்தியாசம் வரும். மென்பொருள்ல இதுக்குத் தனியா ஒரு தேர்வு இருக்கும், அதைப் பார்க்காம விட்டுடாதீங்க. நான் மேலே சொன்ன 6.11 மேல் விளிம்புக் கணக்கு.

கூடுதுறை:

மூணாவதுக்கு வர்றேன். இது யுத்தகால மணி. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரைக்கும் இந்தியா முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடுச்சு, கிரீன்விச்சுக்கு 6.30. ஆஸ்பத்திரி சீட்டுல இருக்கற 12-20 அந்தக் கடிகாரத்து மணி.

ஜூலை 7 இரவு 12.20-ல 6.30 கழிச்சா கிரீன்விச் நேரம் ஜூலை 6 மாலை 5.50. அதோட 5.30 கூட்டினா இன்னைய கணக்குல ஜூலை 6, வியாழன் இரவு 11.20. தேதியே ஒரு நாள் பின்னால போகுது பாருங்க.

கிழமை இடிக்குதேன்னு பயப்படாதீங்க. நம்ம வழக்கத்துல அடுத்த உதயம் வரைக்கும் பழைய கிழமைதான். வெள்ளி விடியறதுக்கு முன்னால எந்த மணிக்குப் பிறந்தாலும் ஜோசியர் வியாழன்னுதான் எழுதுவாரு. சீட்டும் சரி, ஜாதகமும் சரி. இதே காரணத்தால "திங்கள் பின்னிரவு 3 மணி"ன்னு பழைய குறிப்புல இருந்தா ஆங்கிலத் தேதிக்கு அது செவ்வாய். மாத்தறப்ப அதிகமாத் தப்பு நடக்கற இடம் இதுதான்.

உங்க ரெண்டு மென்பொருள்ல 7 பாகை காட்டறது யுத்தகால மணியைக் கழிச்சிருக்கு, 25 காட்டறது கழிக்கலை. ஒரு மணிக்குச் சராசரி 15 பாகை, மீனம் நம்ம பக்கம் வேகமா உதிக்கறதால 18 நகர்ந்திருக்கு. லக்னம் மீனமே ஆனாலும் லக்னப் புள்ளி உத்திரட்டாதியில இருந்து ரேவதிக்குப் போயிடுது. 7-ஐ எடுத்துக்கோங்க.

காங்கேயக்காளை:

சரிதாங்க, ரயில்வே மணியை மறந்துட்டேன். ஒரு சந்தேகம்: யுத்தகாலத்துக்குன்னு கைல ஒரு மணி கழிச்சுட்டு மென்பொருள்ல போட்டா?

கூடுதுறை:

கழிச்சதை மென்பொருள் மறுபடியும் கழிச்சுடும், ஒரு மணி பிசகும். கைல கழிச்சீங்கன்னா நேர மண்டலத்தை "+5.30"ன்னு கைலயே போடுங்க, ஊர்ப் பெயரை வெச்சுத் தானா எடுக்க விடாதீங்க.

மேலணை:

அந்தத் தானியங்கி விஷயத்துல இன்னும் ஒரு பொறி இருக்கு. பெரும்பாலான மென்பொருளும் கைபேசியும் எடுக்கறது ஒரே டைம்சோன் டேட்டாபேஸ். அதுல இந்தியா முழுமைக்கும் "ஏசியா/கொல்கத்தா"ன்னு ஒரே பதிவு. கோயமுத்தூர்னு தேர்ந்தெடுத்தாலும் உள்ளே ஓடறது அதுதான். 1870-க்கு முன்னால அது கல்கத்தா மணியைக் கொடுக்கும், 5.53 சொச்சம். கோவையோட சொந்த மணி 5.07.50. முக்கால் மணி நேரம் பிசகு! 1870-லிருந்து 1905 முடிய மெட்ராஸ் மணி 5.21.10, நம்ம பக்கத்துக்குப் பொருந்தும். அப்புறம் 1941 அக்டோபர்ல இருந்து 1942 மே 15 வரைக்கும் ஒரு முறை, 1942 செப்டம்பர்ல இருந்து 1945 அக்டோபர் 15 வரைக்கும் மறுமுறை, 6.30 வரும். 1970-க்கு முந்தின தரவுக்கு உத்தரவாதம் தர்றது அந்த டேட்டாபேஸோட நோக்கமே இல்லை.

சோதனை சுலபம். 1944 ஜூலை 7-ஐயும் 1946 ஜூலை 7-ஐயும் போட்டு, நேர மண்டலம் என்ன காட்டுதுன்னு பாருங்க. ரெண்டுக்கும் 5.30 வந்தா அந்த மென்பொருளுக்கு யுத்தம் நடந்ததே தெரியாது.

பம்பாய்ல பிறந்தவங்க ஜாதகம் கையில இருந்தா இன்னும் உஷார். 1906-க்கு அப்புறமும் கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் சொந்த மணியை விடலை. பம்பாய் மணிக்கு 39 நிமிஷம் கூட்டோணும்.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. இந்தியப் பொது நேரத்துக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையை எதுக்கு எடுத்தாங்க? மெட்ராஸ் மணிதான் ஏற்கெனவே நாடு முழுக்க இருந்ததே?

மேலணை:

5.21.10-ங்கற எண்ணை வெச்சுக்கிட்டு வெளிநாட்டுத் தந்தியோடயும் கப்பலோடயும் மல்லுக்கட்ட முடியாது. பிரிட்டன்ல ரயில்வேக்காரங்க 1840-கள்லயே ஒரே மணிக்கு மாறிட்டாங்க, சட்டமாச்சு 1880-ல. அமெரிக்கா, கனடா ரயில்வே 1883 நவம்பர் 18-ல ஒரு மணி நேர இடைவெளி வெச்சு மண்டலம் பிரிச்சுது. 1884 வாஷிங்டன் மாநாட்டுல 25 நாடு கூடி, 22 நாடு கிரீன்விச்சைப் பூஜ்யமா ஏத்துக்கிச்சு. பிரான்ஸ் ஓட்டே போடலை, 1911-லதான் இறங்கி வந்துச்சு. அதுக்கப்புறம் கிரீன்விச்சுல இருந்து முழு மணியோ அரை மணியோ தள்ளி நிக்கற கோடு வேணும். பாகைக்கு 4 நிமிஷம், 82½ × 4 = 330 நிமிஷம், அதாவது 5.30. கோடு மிர்சாபூர் பக்கம் போகுது. மெட்ராஸ் மணியில இருந்து 9 நிமிஷம்கூட நகர வேண்டியதில்லேங்கறதால தென்னாட்டுல அதிகம் இரைச்சல் இல்லை, பம்பாய்லதான் இழுத்தடிச்சாங்க.

நமக்குத்தான் கோடு தூரம். ஊர் மணி இன்னைய மணிக்குப் பின்னால இருக்கற நிமிஷம்: கோவை, பொள்ளாச்சி 22, உடுமலை 21, திருப்பூர் 20½, ஈரோடு 19, கரூர் 17½, சேலம் 17½. கோவையில சூரியன் உச்சிக்கு வர்றது பிப்ரவரி நடுவுல 12.36-க்கு, நவம்பர் முதல் வாரத்துல 12.06-க்கு. இந்த அரை மணி ஆட்டம் பூமி சுத்தற பாதையாலயும் அதோட அச்சு சாய்ஞ்சிருக்கறதாலயும் வர்றது, நேர மண்டலத்தால இல்லை. நிழல் பார்த்து மணி எழுதின பழைய குறிப்பை மாத்தறப்ப இதையும் சேர்த்தே கழிக்கோணும்.

சென்னிமலை நெசவு:

அதுக்கு ஒட்டினது ஒண்ணு. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை-ஒம்பதுன்னு காலண்டர்ல போடறது ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம்னு வெச்சுத்தான். ஜனவரி கடைசியில கோவையில உதயம் 6.46, அஸ்தமனம் 6.25. பகலை எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு 87 நிமிஷம். ரெண்டாவது பங்கு 8.13-க்கு ஆரம்பிச்சு 9.40-க்கு முடியுது. காலண்டரைப் பார்த்து ஒம்பது அடிச்சதும் கிளம்பறவங்க ராகு காலத்துக்குள்ளேயேதான் கிளம்பறாங்க.

நொய்யல்கரை:

மூணாவது 7 பாகை, ரெண்டாவது 11.59-ன்னு ஏத்திட்டேன். முதல் குறிப்புக்கு நோட்டுல தேடினதுல, அதே கையெழுத்துல உதய மணி ஒண்ணு கிடைச்சிருக்கு. தை மாசக் கடைசி, "உதயம் மணி 6-26".

கூடுதுறை:

தாராபுரத்துல அந்த வாரம் உதயம் இன்னைய மணிக்கு 6.44 வாக்குல. 18 நிமிஷம் வித்தியாசம் வருது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் கடிகாரப் பிசகுன்னு விட்டுடலாம், 9 நிமிஷத்துக்குப் பக்கத்துலயே இல்லை. ஊர் மணிதான். 10 மணின்னு போடுங்க. காங்கேயக்காளை அண்ணா சொன்ன விடைதான், வழி மட்டும் வேற.